ஒரே சாக்லேட், ஊருக்கு ஒரு ருசி: கேஎல் (கோலாலம்பூர்) வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டனில் படிக்கும் பிள்ளை விடுமுறைக்கு வந்தாலும், மெல்பர்ன் மாமா கல்யாணத்துக்கு வந்தாலும், தீபாவளிச் சேலை எடுக்கச் சென்னைக்குப் போன அத்தை திரும்பினாலும், பெட்டியைத் திறந்ததும் முதலில் வெளியே வருவது சாக்லேட்தான். ஆளுக்கு ஒரு துண்டு வாயில் போட்ட கையோடு "நம்ம ஊர்ல விக்கிறது மாதிரி இல்லையே" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். பிரிக்பீல்ட்ஸ், செந்தூல், கிள்ளான் என்று உறவுக்காரர் வீடுகளில் காதில் விழுந்த கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பொதுவாகச் சாக்லேட் என்று சொன்னாலும் பேச்சு பாதிக்கு மேல் கேட்பரி டெய்ரி மில்க்கைச் சுற்றியே போகும். நம் பிள்ளைகள் அதிகம் அடித்துக்கொள்வது அதற்காகத்தான்.

ஒரே பெயர், ஒரே ஊதா உறை. ருசி மட்டும் எப்படி மாறும்? மனப்பிரமையா?

பிரமை இல்லை. பெயரும் நிறமும் பொது, உள்ளே இருக்கும் பொருள் பொது அல்ல. 1905-ல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரை ஒட்டிய போர்ன்வில்லில் பிறந்த டெய்ரி மில்க்கை இன்று பல நாடுகளில் செய்கிறார்கள். ஆஸ்திரேலியாவுக்கு டாஸ்மேனியா தீவின் கிளேர்மான்ட், அயர்லாந்துக்கு டப்ளின். நம் ஊரில் கேட்பரியின் தொழிற்சாலை ஷா ஆலமில். அமெரிக்காவில் கேட்பரி என்று விற்பதை கேட்பரி கம்பெனியே செய்வதில்லை. 1988 முதல் உரிமம் பெற்று ஹெர்ஷி செய்கிறது.

சந்தேகம் இருந்தால் உறையின் பின்பக்கத்தைப் பாருங்கள். பொருள் பட்டியலில் எடை அதிகமானது முதலில் வரும். பிரிட்டிஷ் டெய்ரி மில்க்கில் முதல் சொல் பால், அடுத்தது சர்க்கரை. அமெரிக்க உறையில் முதல் சொல் சர்க்கரை. வீட்டில் இருக்கும் மலேசிய உறையையும் திருப்பி, 'கூலா' (சர்க்கரை) முதலில் நிற்கிறதா 'சூசு' (பால்) முதலில் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முன்பக்கத்தில் வரைந்திருக்கும் பால் குவளைகளைவிட அந்த வரிசை அதிகம் சொல்லும்.

அப்படியானால் லண்டனில் விற்பதுதான் அசல், நம்முடையது டூப்ளிகேட்டா?

இந்தக் கேள்வி வந்தால் எனக்குக் கொஞ்சம் சூடேறும். ஷா ஆலமில் செய்ததும் அந்தக் கம்பெனி தன் பெயரைப் போட்டு விற்கும் சரக்குதான். இந்த ஊர் வெயிலுக்கும், கிடைக்கும் பாலுக்கும், வாங்குபவர்களின் நாக்குக்கும் ஏற்றபடி செய்முறையை அவர்களே அமைத்துக்கொள்கிறார்கள். அப்புறம், லண்டன் கடையில் வாங்கியதெல்லாம் இங்கிலாந்தில் செய்தது என்றும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் கிராஃப்ட் கம்பெனி 2010-ல் கேட்பரியை வாங்கியது. மறு வருடமே பிரிஸ்டல் பக்கத்தில் இருந்த பழைய தொழிற்சாலையை மூடி, அங்கே செய்துவந்த வகைகளைப் போலந்துக்கு மாற்றிவிட்டார்கள்.

சரி, வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? கொக்கோவா?

டார்க் சாக்லேட் என்றால் கொக்கோ. பால் சாக்லேட்டில் நாக்கு முதலில் பிடிப்பது பாலை. அதை எப்படிக் காய்ச்சினார்கள், எப்படி உலர்த்தினார்கள் என்ற இடத்தில்தான் நாடுகள் பிரிகின்றன.

சாக்லேட்டுக்கும் தண்ணீருக்கும் ஆகாது. உருகிய சாக்லேட்டில் கொஞ்சம் ஈரம் பட்டாலே கட்டிதட்டிப்போகும். பாலிலோ பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் தண்ணீர். அதனால் பாலைச் சாக்லேட்டில் சேர்ப்பது 19-ஆம் நூற்றாண்டில் பெரிய தலைவலியாக இருந்தது. சுவிட்சர்லாந்தின் டேனியல் பீட்டர் 1875-ல் அதற்கு வழி கண்டார். நான்கு வருடம் கழித்து அதே நாட்டின் ரொடால்ஃப் லிண்ட், சாக்லேட்டை மணிக்கணக்கில் போட்டுத் தேய்க்கும் இயந்திரத்தைக் கொண்டுவந்தார். சுவிஸ் பாணி அங்கிருந்து வளர்ந்தது. பால்பவுடரைக் கலந்து நெடுநேரம் தேய்ப்பார்கள். வாயில் போட்டால் வழுவழுவென்று இருக்கும், பச்சைப்பால் வாசம் தெரியும்.

பிரிட்டிஷ்காரர்கள் வேறு வழியில் போனார்கள். பாலையும் சர்க்கரையையும் சேர்த்துச் சுண்டக் காய்ச்சி, கொக்கோ விழுதைக் கலந்து, உலர்த்தி, உதிரிக் கட்டிகளாக எடுத்துவைப்பார்கள். இதற்குக் கிரம்ப் என்று பெயர். ஹெர்ஃபோர்ட்ஷயரில் மார்ல்புரூக் என்ற இடத்தில் கேட்பரி இதைச் செய்து, சாக்லேட்டாக்கப் போர்ன்வில்லுக்கு அனுப்புகிறது. வீட்டில் பால்கோவா கிண்டும்போது பால் வெள்ளையிலிருந்து இளம்பழுப்புக்குத் திரும்பும் நேரத்தில் ஒரு வாசம் எழும் பாருங்கள், இங்கேயும் நடப்பது அதுதான். சூட்டில் பாலின் புரதமும் சர்க்கரையும் வினைபுரிந்து புதிய மணங்களை உண்டாக்குகின்றன. லண்டன் டெய்ரி மில்க்கில் தெரியும் கேரமல் சாயல் எசன்ஸ் ஊற்றி வந்ததல்ல, காய்ச்சலில் வந்தது.

இவ்வளவு மெனக்கெட்டதற்குக் காரணம் உண்டு. புல் நிறைய இருக்கும் மாதங்களில் பால் பெருகும், குளிர்காலத்தில் குறையும். கிரம்ப்பாகச் செய்துவிட்டால் மாதக்கணக்கில் கெடாது. கொக்கோவில் இருக்கும் சில பொருள்கள் பால்கொழுப்பில் சிக்கு வாடை ஏறாமல் காக்கின்றன. பால் வீணாகாமல் இருக்கச் செய்த ஏற்பாடு ஒரு நாட்டின் ருசியாகவே ஆகிவிட்டது.

அமெரிக்காவிலிருந்து வந்த ஹெர்ஷியில் ஒரு புளிச்ச வாடை வருதே, கெட்டுப்போச்சா?

கெடவில்லை, அதன் குணமே அதுதான். பால்கொழுப்பு ஓரளவு சிதையும்போது பியூட்டிரிக் அமிலம் வெளிப்படும். பார்மசான் சீஸின் வாடையிலும் அது உண்டு. சொல்லக் கூடாது, வாந்தி வாடையிலும் உண்டு. பழகாதவர்கள் முகம் சுளிப்பது அதனால்தான். பாலை எப்படிப் பக்குவம் செய்கிறோம் என்பதை ஹெர்ஷி வெளியில் சொல்வதில்லை. 1900-லிருந்து அந்தச் சாக்லேட் பட்டையைத் தின்று வளர்ந்த அமெரிக்கர்களுக்குச் சாக்லேட் என்றால் அந்தப் புளிப்பும் சேர்ந்ததுதான்.

ஆனாலும் எல்லா அமெரிக்கர்களும் அதோடு திருப்தியடையவில்லை. அங்கே பிரிட்டிஷ் சாமான் கடைகள் லண்டன் கேட்பரியை வரவழைத்து விற்றுவந்தன. ஹெர்ஷி வழக்குப் போட, 2015-ல் இறக்குமதியாளர் ஒதுங்கிக்கொள்ளும்படி சமரசம் ஆனது. அப்போது அங்கே எழுந்த கூச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

சாக்லேட் என்று பெயர் வைக்க ஒவ்வொரு நாட்டிலும் தனிச் சட்டம் உண்டாமே?

உண்டு. ருசி மாறுவதில் சட்டத்துக்கும் பெரிய பங்கு இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் பால் சாக்லேட் என்றால் கொக்கோ திடப்பொருள் குறைந்தது 25 சதவீதமும் பால் திடப்பொருள் 14 சதவீதமும் வேண்டும். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் கொக்கோ 20, பால் 20 என்றாலும் பால் சாக்லேட் என்று விற்கலாம். மற்ற ஐரோப்பிய நாடுகளில் அதே பண்டத்துக்கு 'குடும்பப் பால் சாக்லேட்' என்று பெயர் வைக்க வேண்டும். அமெரிக்காவில் கொக்கோ விழுது 10 சதவீதம், பால் திடப்பொருள் 12 சதவீதம் போதும். அளக்கும் முறை வேறு என்பதால் இந்த 10-ஐயும் அந்த 25-ஐயும் நேராகப் பக்கத்தில் வைக்க முடியாது. ஆனாலும் அமெரிக்கச் சட்டம் கொக்கோவில் தாராளமாக இருக்கிறது என்பது தெரியும்.

கொழுப்பு விஷயத்தில் கதை தலைகீழ். அமெரிக்காவில் பால் சாக்லேட் என்று எழுதினால் கொக்கோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு கூடாது. பிரிட்டிஷ்காரர்கள் காலங்காலமாகக் கொஞ்சம் சேர்த்துவந்தவர்கள். 1973-ல் பிரிட்டன் ஐரோப்பியச் சமூகத்தில் சேர்ந்ததும், "இதையெல்லாம் சாக்லேட் என்று சொல்லாதே" என்று பெல்ஜியமும் பிரான்சும் இத்தாலியும் மல்லுக்கு நின்றன. அந்தச் சண்டை தீர 2000-ஆம் ஆண்டு ஆனது. 5 சதவீதம் வரை சேர்க்கலாம், உறையில் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு. எந்தக் கொழுப்பு என்பதற்கும் பட்டியல் போட்டார்கள்: பாமாயில், ஆப்பிரிக்காவின் ஷியா, இந்தியாவின் சால விதை, கோகம், மாங்கொட்டைப் பருப்பு, அப்புறம் போர்னியோவின் இல்லிப்பே.

அந்தக் கடைசிப் பெயர் நமக்குப் பக்கத்து வீடு. சரவாக்கில் எங்காபாங் என்று சொல்லும் காட்டுமரத்தின் கொட்டையிலிருந்து எடுப்பது. கொக்கோ வெண்ணெய்க்கு மிக நெருங்கிய கொழுப்பு. மரம் எல்லா வருடமும் காய்க்காது, சில வருடங்களுக்கு ஒருமுறை காடே சேர்ந்து காய்க்கும். சரவாக் ஆற்றோரத்தில் பொறுக்கிய கொட்டைக்கு ஐரோப்பியச் சட்டத்தில் பெயர் போட்டு இடம் கிடைத்திருக்கிறது.

நம் ஊர் வெயிலுக்கு உருகாமல் இருக்க மெழுகு சேர்க்கிறார்கள் என்கிறார்களே?

மெழுகு என்று ஊர் சொல்வது பெரும்பாலும் கொழுப்பு. கொக்கோ வெண்ணெய் ஏறத்தாழ 34 டிகிரியில் உருகும். வாய்க்குள் 37 டிகிரி இருப்பதால், போட்டதும் கரைந்து சுவையை விடுகிறது. அதைவிட அதிகச் சூட்டில் உருகும் கொழுப்பைச் சேர்த்தால் பண்டம் வெயிலைத் தாங்கும், ஆனால் வாயிலும் சீக்கிரம் கரையாது. அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும் அந்தப் படலத்தைத்தான் மெழுகு என்கிறோம்.

மளிகைக் கடையில் சில காசுக்குக் கிடைக்கும் வேஃபர், பிறந்தநாள் கேக்கின் மேல்பூச்சு, குச்சி ஐஸ்கிரீமின் கறுப்பு உறை, இவற்றில் பலவும் காம்பவுண்ட் சாக்லேட். கொக்கோ வெண்ணெயை எடுத்துவிட்டுப் பனைக்கொட்டை எண்ணெய் போன்றதைப் போட்டுச் செய்வது. விலை மலிவு, கையாளவும் சுலபம். அதைத் தின்றுவிட்டு "மலேசியச் சாக்லேட்டே இப்படித்தான்" என்று சொல்வது நியாயமில்லை. உருண்டை மிட்டாய்களின் மேல் பளபளப்புக்காகக் கார்னௌபா என்ற தாவர மெழுகைக் கொஞ்சம் பூசுவதுண்டு. அது தனிக் கதை.

இயற்கையே நமக்கு ஒரு உதவி செய்திருக்கிறது. வெப்பமான நாட்டில் விளையும் கொக்கோவின் வெண்ணெய் கெட்டியாக இருக்கும். உலகில் விற்பனைக்கு வரும் கொக்கோ வெண்ணெய்களில் மலேசிய வெண்ணெய்தான் கடினமான வகை என்று சாக்லேட் தொழிலில் பெயர், பிரேசிலின் வெண்ணெய் மிருதுவானது. எந்த நாட்டு வெண்ணெயை எவ்வளவு கலப்பது என்று பார்த்தே ஒரு சாக்லேட்டைக் கொஞ்சம் விறைப்பாகவோ மென்மையாகவோ செய்ய முடியும்.

லண்டன் சாக்லேட்டைப் பிரித்தால் மேலே வெள்ளையாகப் பூத்திருக்கிறது. பூஞ்சையா? தூக்கிப் போடவா?

போடாதீர்கள். விரலால் தேய்த்துப் பாருங்கள். எண்ணெய்ப்பசையோடு மறைந்தால் அது கொழுப்பு. சொரசொரவென்று மணல்பட்டால் சர்க்கரை. இரண்டுமே உடம்புக்குக் கெடுதல் இல்லை.

கொக்கோ வெண்ணெய் உறையும்போது ஆறு விதமான படிகங்களாக உறையக்கூடியது. அதில் ஐந்தாவது வகைதான் தொழிற்சாலைக்காரர்கள் பாடுபட்டு வரவழைப்பது. பளபளப்பு, உடைக்கும்போது 'டக்' என்ற சத்தம், வாயில் சீராகக் கரைவது எல்லாம் அந்தப் படிகத்தின் வேலை. சாக்லேட் கார் பின்பெட்டியில் ஒருமுறை இளகி, வீட்டில் மறுபடி உறைந்தால் அந்த ஒழுங்கு போய்விடும். கொழுப்பு மேலே ஏறிச் சாம்பல் நிறக் கோடுகளாகப் படியும். உடைத்தால் சத்தம் வராது, உதிரும். வாயில் மாவாக இருக்கும்.

சொல்லப்போனால் நம் வீடுகளில் நடக்கும் "அது நல்லா இருக்கு, இது நல்லா இல்லை" சண்டைகளில் பாதிக்குச் செய்முறையைக் குறை சொல்வதே தப்பு. பயணம்தான் காரணம். ஒன்று கடையிலிருந்து நேராக வந்திருக்கும், மற்றொன்று இரண்டு தடவை உருகி உறைந்திருக்கும்.

ஐஸ்பெட்டியில் வைக்கலாமா?

கேஎல் வெயிலுக்கு வேறு வழி இல்லாவிட்டால் வைக்கலாம். சாக்லேட்டுக்குப் பிடித்தது 15 முதல் 18 டிகிரி. ஐஸ்பெட்டி அதைவிட ரொம்பக் குளிர்ச்சி, ஈரமும் உண்டு. காற்றுப் புகாத டப்பாவில் போட்டு மூடி வையுங்கள், இல்லாவிட்டால் நேற்று வைத்த சம்பால் வாசம் ஏறும். வெளியே எடுத்ததும் டப்பாவைத் திறக்காமல் அரைமணி நேரம் விடுங்கள். உடனே திறந்தால் மேலே வியர்த்து, சர்க்கரை பூத்துவிடும். குளிர்ச்சியாக இருக்கும்போது நாக்குக்கு இனிப்பும் குறைவாகவே தெரியும்.

அத்தை சென்னையிலிருந்து கொண்டுவரும் டெய்ரி மில்க்?

இந்தியாவில் கேட்பரி 1948-லிருந்து இருக்கிறது. 1965 முதல் கேரளத்தில் விவசாயிகளைக் கொக்கோ பயிரிட வைத்ததிலும் அந்தக் கம்பெனிக்குப் பங்கு உண்டு. 40 டிகிரி கோடை, குளிர்சாதனம் இல்லாத பெட்டிக்கடை, இரண்டையும் நினைத்துச் செய்யும் சரக்கு அது. என் நாக்குக்கு இனிப்பு ஒரு படி தூக்கலாகத் தெரிகிறது. பிள்ளைகளுக்கு அதுவே பிடிக்கிறது.

அதன் உறையில் 442, 476 என்ற எண்களைப் பார்த்துவிட்டுப் பயப்படுகிறவர்கள் உண்டு. பன்றிக் கொழுப்பு என்று வாட்ஸ்ஆப்பில் வேறு வரும். இரண்டுமே பால்மமாக்கிகள். லண்டன் உறையிலும் இதே எண்கள்தான் இருக்கின்றன. 442 தாவர எண்ணெயிலிருந்து வருவது. 476-க்கு மூலம் ஆமணக்கெண்ணெய், நம் பாட்டிகள் பேதிக்குக் கொடுத்ததன் தூரத்துச் சொந்தம். உருகிய சாக்லேட்டை இவை இளக்கி ஓட வைக்கும். அதனால் விலை உயர்ந்த கொக்கோ வெண்ணெயைக் கொஞ்சம் மிச்சப்படுத்தலாம். கம்பெனியின் ஆசை அதுதான்.

மைலோவும் இப்படித்தானா?

மைலோவில் வித்தியாசம் இன்னும் பளிச்சென்று தெரியும். 1934-ல் ஆஸ்திரேலியாவில் தாமஸ் மேய்ன் என்ற நெஸ்லே வேதியியலாளர் உருவாக்கியது. அங்கே அது கரகரப்பான குருணை. குளிர்ந்த பாலின்மேல் குவித்துப் போட்டு, கரைவதற்குள் கரண்டியால் அள்ளி மென்று தின்பார்கள். மெல்பர்ன் மாமா வீட்டில் பிள்ளைகள் அப்படிச் சாப்பிடுவதைப் பார்த்தால் இங்கிருந்து போனவர்களுக்குத் திகைப்பாக இருக்கும்.

நம் மைலோ சுடுதண்ணீருக்கானது. நெகிரி செம்பிலானின் செம்போங்கில் செய்கிறார்கள். உலகிலேயே பெரிய மைலோ தொழிற்சாலை அது. தமிழ் முஸ்லிம்களின் மாமாக் உணவுக்கடையில் வெந்நீரில் கலக்கி, கெட்டிப்பால் ஊற்றி, ஐஸ் நிரப்பி, மேலே இன்னொரு கரண்டி மைலோப் பொடியைத் தூவி 'டைனோசோர்' என்று கொண்டுவந்து வைப்பார்களே, அதற்கு ஆஸ்திரேலியக் குருணை சரிப்படாது. மால்ட்டும் கெட்டிப்பாலும் சேர்ந்த ருசிதான் நமக்கு மைலோ.

பள்ளி விளையாட்டுப் போட்டி நாளில் பச்சை மைலோ லாரியின் முன் வரிசையில் நின்று, சின்னக் குவளையில் வாங்கிக் குடித்தவர்கள் "வீட்டில் எவ்வளவு கலக்கினாலும் அந்த ருசி வரவில்லை" என்பார்கள். வெயிலில் ஓடிய பிள்ளைக்கு அவ்வளவு குளிர்ச்சியாக எதைக் கொடுத்தாலும் அமிர்தம்தான். அதோடு லாரியில் தருவது முன்பே கலக்கிக் குளிர வைத்தது, வீட்டில் நாம் சூடாகக் கலக்கி ஐஸ் போட்டு நீர்க்க விடுகிறோம்.

கிட்கேட்?

இங்கிலாந்தின் யார்க் நகரில் ரவுன்ட்ரீ கம்பெனி 1935-ல் தொடங்கியது. 1988-ல் நெஸ்லே அந்தக் கம்பெனியையே வாங்கியது. அமெரிக்காவில் மட்டும் 1970-லிருந்தே உரிமம் ஹெர்ஷியிடம். அதனால் அங்கே வாங்கும் கிட்கேட் ஹெர்ஷியின் செய்முறை. வேஃபர் நடுவில் இருப்பதால் டெய்ரி மில்க் அளவுக்கு வித்தியாசம் உறைக்காது.

ஹலால், சைவம் இதெல்லாம் நாட்டுக்கு நாடு மாறுமா?

மாறும். பெயரை மட்டும் நம்பாதீர்கள். மலேசியாவில் விற்பதில் ஹலால் முத்திரை இருந்தால் இங்கே சோதித்துக் கொடுத்தது. அதே சாக்லேட்டை லண்டனில் வாங்கினால் அந்த முத்திரை இருக்காது. 2014 மே மாதம் இரண்டு கேட்பரி வகைகளில் பன்றி டிஎன்ஏ இருப்பதாகச் சுகாதார அமைச்சு சொல்ல, கடைகளிலிருந்து திரும்பப் பெற்றார்கள். அடுத்த மாதமே, தொழிற்சாலையிலிருந்து புதிதாக எடுத்த மாதிரிகளில் அப்படி எதுவும் இல்லை என்று ஹலால் முத்திரை தரும் இஸ்லாமிய வளர்ச்சித் துறையான ஜாக்கிம் அறிவித்தது. இரண்டாவது செய்தி பலர் காதுக்குப் போய்ச் சேரவே இல்லை.

மாட்டிறைச்சி சாப்பிடாத நம் வீடுகளுக்கு வேறு கவலை. ஹலால் முத்திரை மாட்டு ஜெலட்டினைத் தடுக்காது. வெறும் பால் சாக்லேட்டில் ஜெலட்டின் வராது. மார்ஷ்மெல்லோ, ஜெல்லி வைத்த வகைகளில் வரும், அங்கே பட்டியலைப் படியுங்கள். தைப்பூச விரதத்தில் டோப்ளரோன் தின்பவர்கள் கவனிக்க: அதன் தேன்-பாதாம் நௌகட்டில் முட்டை வெள்ளை உண்டு. இந்திய உறையில் பச்சைப் புள்ளி இருந்தால் இந்த ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை, ஆனால் முட்டை, ஜெலட்டின் இரண்டும் இல்லை என்ற உறுதி அந்த உறைக்கு மட்டும்தான்.

2007-ல் பிரிட்டனில் மார்ஸ் கம்பெனி, கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் பயன்பட்ட மோர்ப்பொருளைச் சேர்க்கப்போவதாகச் சொன்னது. சைவர்கள் கொதித்தெழ, ஒரு வாரத்துக்குள் பின்வாங்கியது. முந்தின வருடம் சைவமாக இருந்தது இந்த வருடமும் அப்படியே இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

சின்ன வயதில் சாப்பிட்ட ருசி இப்போது இல்லையே. மாற்றிவிட்டார்களா?

சில சமயம் நிஜமாகவே மாற்றுகிறார்கள். 2009-ல் நியூசிலாந்தில் டெய்ரி மில்க்கில் பாமாயில் சேர்த்தார்கள். வாடிக்கையாளர்கள் எதிர்த்து நின்றதும் அதே ஆண்டு மன்னிப்புக் கேட்டு எடுத்துவிட்டார்கள். 2015-ல் பிரிட்டனில் கிரீம் எக் என்ற முட்டை வடிவச் சாக்லேட்டின் மேலோட்டை டெய்ரி மில்க்கிலிருந்து வேறு பால் சாக்லேட்டுக்கு மாற்றினார்கள். அந்த முறை திரும்பவில்லை.

சில சமயம் வடிவத்தை மாற்றினாலே போதும். பிரிட்டனில் டெய்ரி மில்க்கின் சதுரக் கட்டங்களை வளைவாக்கியபோது "இனிப்பு கூடிவிட்டது" என்று புகார் வந்தது. செய்முறையைத் தொடவில்லை என்றது கம்பெனி. இதை நான் நம்புகிறேன். மெல்லிய துண்டு சீக்கிரம் கரையும், தடித்தது மெதுவாகக் கரையும், நாக்கில் படும் விதமே வேறு. எடையைக் குறைப்பதற்கு வடிவ மாற்றம் வசதியான மறைப்பு என்பது இன்னொரு விஷயம்.

மலேசியாவிலேயே கொக்கோ விளைகிறதே. நம் சாக்லேட்டில் இருப்பது நம் கொக்கோதானே?

ஒரு காலத்தில் நன்றாகவே விளைந்தது. 1990-ல் ஏறத்தாழ 2,47,000 டன். சபாவின் தாவாவ் பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் கொக்கோ. தோட்டப்புறங்களில் தென்னைக்கு இடையில் கொக்கோ நட்டதைப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். அப்புறம் விலை விழுந்தது, காய்துளைப்பான் பூச்சி வந்தது, செம்பனை அதிகம் கொடுத்தது. இப்போது ஆண்டு விளைச்சல் ஆயிரம் டன்னுக்கும் கீழே.

ஆனால் கொக்கோ அரைக்கும் தொழிலில் மலேசியா ஆசியாவின் பெரிய கைகளில் ஒன்று. ஆண்டுக்கு மூன்று லட்சம் டன் அளவில் கொட்டை அரைபடுகிறது. ஜொகூரின் பாசிர் கூடாங்கில் ஆலைகள். கொட்டை வருவது ஆப்பிரிக்காவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும். ஆகவே ஐரோப்பாவில் வாங்கிய சாக்லேட்டின் கொக்கோ வெண்ணெய் ஜொகூரில் பிழிந்ததாக இருக்கலாம். மலேசியக் கொக்கோவையே ருசிபார்க்க வேண்டுமானால் கொட்டையிலிருந்து தாமே செய்யும் சிறு தயாரிப்பாளர்களின் டார்க் சாக்லேட்டைத் தேடுங்கள். புளிப்பும் பழ வாசமுமாக இருக்கும்.

லங்காவியில் வாங்குவது நல்ல சரக்கா?

1987 முதல் வரியில்லாத் தீவு, அதனால் விலை குறைவு. சரக்கின் குணம் அதனால் கூடாது. எங்கே செய்தது, காலாவதி எப்போது, இரண்டையும் பாருங்கள். கடைக்கு உள்ளே குளிராக இருந்தாலும் படகுத்துறையில் காத்திருக்கும் நேரம் பொல்லாதது.

வீட்டில் ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி?

பாதாம், திராட்சை எதுவும் இல்லாத ஒரே வகையை எடுங்கள். காலாவதித் தேதி முன்பின்னாக இருந்தால் ஒப்பீடே வீண். ஏர்கான் போட்ட அறையில் இரண்டையும் ஒருமணி நேரம் வையுங்கள். கட்டத்தின் வடிவமும் அச்சிட்ட எழுத்தும் காட்டிக்கொடுக்கும் என்பதால் கத்தியால் ஒரே அளவில் நறுக்கி, ஒருவர் மட்டும் எது எதுவென்று குறித்துக்கொள்ளட்டும். தின்பவர்கள் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். நடுவே வெதுவெதுப்பான தண்ணீர். மெல்லாமல் நாக்கின்மேல் வைத்துக் கரைய விடுங்கள். முதலில் கரையும் வேகம், பிறகு பால் வாசம், கடைசியில் தொண்டையில் நிற்கும் இனிப்பு என்று பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். ஒரே சாக்லேட்டிலிருந்து இரண்டு துண்டுகளை நடுவே திருட்டுத்தனமாகக் கலந்து விடுங்கள். லண்டன் பெருமை பேசுகிற சித்தப்பா அங்கேதான் மாட்டுவார்.

வெளிநாட்டிலிருந்து வருபவரிடம் எதை வாங்கிவரச் சொல்லலாம்?

லண்டன் என்றால் சாதாரண டெய்ரி மில்க். கிட்கேட்டுக்கு இடம் வீணாக்க வேண்டாம். ஆஸ்திரேலியா என்றால் ஒரு டின் மைலோ, பாலில் தூவித் தின்ன. அமெரிக்கா என்றால் ஒரு ஹெர்ஷி பட்டை போதும், யாருக்குப் பிடிக்கிறது என்று பார்த்துவிட்டு மேற்கொண்டு சொல்லலாம். எதுவானாலும் விமான நிலையத்திலிருந்து வரும்போது சாக்லேட் பையைக் கார் பின்பெட்டியில் போடாமல் முன்சீட்டில் ஏர்கான் படும் இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். வழியில் சாப்பிட நிறுத்தினால் பையும் கூடவே இறங்கட்டும்.